விற்க மறுப்பதற்கு ஏன் இத்தனை பேச்சுவார்த்தை?

காட்பாடியில் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "எதிரி நாட்டுக்கு முக்கியமான பொருளை விற்கக் கூடாது என்று ஒரு நாடு முடிவு செய்தால், சட்டம் போட்டு நிறுத்திவிடலாமே? சிப் இயந்திரங்களுக்கும் அரிய மண் தனிமங்களுக்கும் பல நாடுகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசுவது எதற்காக? இதில் இந்தியா எந்தப் பக்கம்?"

தம்பி, நான் வெளியுறவுத் துறையில் இருந்தவன் அல்லன். ராணிப்பேட்டையில் தோலும் தோல் பதனிடும் ரசாயனங்களும் ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுப்பதே முப்பது ஆண்டுகளாக என் பிழைப்பு. அந்தக் காகிதங்களின் வழியாகத்தான் இந்த விஷயம் எனக்கு அறிமுகமாயிற்று. மற்றதெல்லாம் ஆர்வத்தால் படித்துத் தெரிந்துகொண்டது.

சுருக்கமாகச் சொன்னால், அந்தப் பேச்சுவார்த்தை பெரும்பாலும் எதிரியோடு நடப்பதே இல்லை. அதே சரக்கை விற்கக்கூடிய நட்பு நாடுகளோடு நடப்பது. தன் சரக்கை நிறுத்த ஒரு நாட்டுக்கு ஓர் அரசாணை போதும். ஆனால் நம் கடையை மூடிய மறுநாளே எதிர்க்கடைக்காரர் அதே சரக்கை எடுத்துக் கொடுத்துவிட்டால் வாங்குகிறவருக்கு ஒரு குறையும் வராது. வியாபாரம் போனது நமக்கு மட்டும்தான். ஆகவே எதிர்க்கடையையும் மூட வைக்க வேண்டும். அவரோ, "உங்களுக்கு அவன் பகையாளி, எனக்கு அவன் வாடிக்கைக்காரன்" என்பார். எந்தச் சரக்கு வரை மூடுவது, அவருடைய நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது, ரகசியமாக விற்றுவிட்டால் என்ன செய்வது என்ற மூன்றைப் பற்றியே மாதக்கணக்கில் பேசுகிறார்கள்.

நம் பக்கத்துக்கு ஏற்றுமதித் தடை என்பது புதிதல்ல. 1970களில் இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, பாதி பதனிட்ட தோலுக்கும் அளவு வைத்தபோது, பழைய ஏற்றுமதியாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் முழுமையாகப் பதனிட்ட தோலும் ஷூவும் தயாராகத் தொடங்கியதற்கு அந்தத் தடையும் ஒரு காரணம். அதற்கு எந்த நாட்டோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அங்கே நோக்கம் நம் தொழிலை வளர்ப்பது. வெளிநாட்டு வியாபாரி வேறு நாட்டில் பச்சைத் தோல் வாங்கிக்கொண்டால் நமக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை. எதிரியின் கைக்கு ஒரு பொருள் போய்ச் சேரவே கூடாது என்பது நோக்கமாக இருக்கும்போது மட்டும், உலகத்தில் அதை விற்கக்கூடிய ஒவ்வொருவரும் நமக்கு முக்கியமாகிவிடுகிறார்.

எந்தப் பொருளைத் தடுப்பது என்பதிலேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. பீரங்கியையும் ஏவுகணையையும் பட்டியலில் சேர்ப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறெல்லாம் போருக்கும் சாதாரணத் தொழிலுக்குமாக இரண்டுக்கும் பயன்படும் பொருள்களைப் பற்றியது. மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று எந்த டேனரிக்குள் நுழைந்தாலும் முதலில் மூக்கில் ஏறுவது அழுகிய முட்டை நாற்றம். உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்துக் கழுவிய பின், சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைக் கலந்து அதில் போட்டு மயிரை நீக்குவார்கள். அந்த நாற்றம் சல்பைடினுடையது. மஞ்சளாகவோ செங்கல் நிறத்திலோ செதில் செதிலாக 25 கிலோ மூட்டைகளில் வரும் இந்தச் சரக்கைத் தொழிலாளர்கள் மண்வெட்டியால் அள்ளிப் போடுவதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். கடுகு வாயு என்னும் போர் நச்சுக்கு வேண்டிய மூலப்பொருள் ஒன்றைத் தயாரிக்கவும் இதே சல்பைடு உதவும். ஈரான் ஈராக் போரில் நச்சு வாயு பயன்படுத்தப்பட்டது உறுதியான பிறகு, அதற்கான ரசாயனங்கள் சாதாரண வியாபாரமாகவே ஈராக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தன என்பது தெரியவந்தது. 1985இல் ஆஸ்திரேலியாவின் முயற்சியால் சில நாடுகள் கூடி உருவாக்கிய ஆஸ்திரேலியக் குழு, அத்தகைய ரசாயனங்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் நம் டேனரி சல்பைடும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு வியாபாரி, கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள ஒரு டேனரிக்குச் சல்பைடு அனுப்ப வேண்டியிருந்தது. இறுதிப் பயனாளர் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். அதாவது, இந்தப் பொருளை எதற்குப் பயன்படுத்தப் போகிறேன், வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க மாட்டேன் என்று வாங்குபவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்த டேனரிக்காரர் அனுப்பிய முதல் சான்றில், பயன் என்ற இடத்தில் "ஆட்டின் மயிரை எடுக்க" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அது திரும்பி வந்தது. மாதம் எத்தனை தோல், ஒரு தோலுக்கு எத்தனை கிராம், மிச்சத்தை எங்கே வைப்பார் என்றெல்லாம் எழுதி இரண்டாவது சான்று வருவதற்குள் கப்பல் போய்விட்டது. வியாபாரிக்கு எரிச்சல். எனக்கோ, பல நாட்டு அதிகாரிகள் மூடிய அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு ரசாயனமாக வாதாடியதன் கடைசி நுனி நம் ராணிப்பேட்டை மேசை மேல் கிடக்கிறது என்று தோன்றியது.

இனி பேச்சுவார்த்தைக்கு வருவோம். இதைப் பனிப்போர் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். நம் வேலூர்க் கோட்டை எழுந்த அதே 16ஆம் நூற்றாண்டில், 1547 செப்டம்பரில், விஜயநகரத்துச் சதாசிவராயரின் அரசும் கோவாவின் போர்த்துகீசிய ஆளுநர் ஜோவாவ் த காஸ்த்ரோவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கோவாவில் வந்து இறங்கும் குதிரைகளை விஜயநகரத்துக்கே விற்க வேண்டும், பீஜப்பூர் சுல்தானுக்கு விற்கக் கூடாது. பதிலுக்கு, விஜயநகரத்து வணிகர்கள் தங்கள் சரக்கைப் பீஜப்பூர்த் துறைமுகங்களுக்குக் கொண்டுபோகாமல் போர்த்துகீசியர் இருக்கும் துறைகளுக்கே கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். அன்றைய போரில் குதிரை இன்றைய சிப் மாதிரி. கடல் வழியைக் கையில் வைத்திருந்தவர் போர்த்துகீசியர் என்பதால், பீஜப்பூருக்குப் போகும் குதிரையை நிறுத்த விஜயநகரம் பேச வேண்டியது பீஜப்பூரோடு அல்ல, கோவாவோடு. விற்க மறுப்பதால் கோவாவுக்கு வரும் நஷ்டத்துக்கு ஈடாகத் துறைமுக வியாபாரத்தைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே காஸ்த்ரோ இறந்துபோக, அவருக்குப் பின் வந்தவர் பீஜப்பூரோடும் சமாதானம் பேசிக்கொண்டார். அதற்குப் பின் வந்த உடன்பாடுகளும் ஏறக்குறைய இதே மாதிரி கட்டப்பட்டவை, இதே மாதிரி தளர்ந்தவை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சோவியத் அணிக்கு முக்கியப் பொருள்கள் போகாமல் தடுக்க 1949இல் அமெரிக்கா தன் நட்பு நாடுகளைச் சேர்த்து அமைத்த குழுவுக்குக் கோகாம் என்று பெயர். பாரிஸில் அமெரிக்கத் தூதரகத்தின் துணைக் கட்டடம் ஒன்றில் அது கூடியது. அதற்கு ஒப்பந்தம் கிடையாது, கையெழுத்துக் கிடையாது, நெடுங்காலம் அதன் பட்டியல்களே ரகசியம். ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தால் பிரெஞ்சு, இத்தாலிய நாடாளுமன்றங்களில் விவாதம் வரும், அங்குள்ள பொதுவுடைமைக் கட்சிகள் கிழித்துவிடும் என்ற அச்சம். எல்லா முடிவும் ஒருமித்த இசைவால் மட்டும். ஒரு பொருளைப் பட்டியலில் சேர்க்க ஒவ்வோர் உறுப்பினரும் தலையசைக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் பொருளை விதிவிலக்காக விற்கவும் அப்படியே. ஆகவே அங்கே நடந்ததெல்லாம் கொடுக்கல் வாங்கல்: உன் விதிவிலக்குக்கு நான் இன்று தலையசைக்கிறேன், என்னுடையதற்கு நாளை நீ தலையசை. இதில் அதிகமாக விதிவிலக்குக் கேட்டவர்களில் அமெரிக்காவும் ஒன்று என்பதைத் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

அமெரிக்காவின் கையில் ஒரு தடியும் இருந்தது. முக்கியப் பொருளை எதிரணிக்கு விற்கும் நாட்டுக்கு அமெரிக்க உதவியை நிறுத்தலாம் என்று 1951இல் பேட்டில் சட்டம் வந்தது. தடி எவ்வளவு தூரம் எட்டும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கொரியப் போரை ஒட்டி 1951 மே மாதம், சீனாவுக்குப் போர்த் தளவாடங்களையும் முக்கியப் பொருள்களையும் அனுப்பக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பினரே அல்ல. அங்கே ரப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது, அரிசிக்குத் தட்டுப்பாடு. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்டது: ஆண்டுக்கு 50,000 டன் ரப்பர் போகும், 2,70,000 டன் அரிசி வரும். ரப்பருக்குச் சந்தை விலையைவிடக் கூடுதலாகவே சீனா கொடுத்தது. அமெரிக்கா உதவியை நிறுத்தியது, இலங்கை அசையவில்லை. சோற்றுக்கு வழி சொல்லாமல் விற்காதே என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்?

பெரிய நட்பு நாடுகளும் அப்படியே நடந்துகொண்டன. சோவியத்துக்கு விற்கக்கூடிய பொருள்களைக்கூடச் சீனாவுக்கு விற்கக் கூடாது என்று சீனாவுக்கு மட்டும் கூடுதல் தடை இருந்தது. சோவியத்துக்குப் போகிற பொருள் அங்கிருந்து ரயிலில் சீனாவுக்குப் போகாதா என்று பிரிட்டன் பல ஆண்டு வாதாடிப் பார்த்தது. அதன் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கின் வியாபாரம் வாடிக்கொண்டிருந்தது. கடைசியில் 1957 மே மாதம், கூடுதல் தடையை இனிப் பின்பற்ற மாட்டோம் என்று பிரிட்டன் தன்னிச்சையாக அறிவித்தது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. அமெரிக்கா மட்டும் தனியாகத் தன் தடையோடு நின்றது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த பகுதி 1982இன் எரிவாயுக் குழாய்ச் சண்டை. சைபீரியாவின் உரெங்கோயிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு எரிவாயு கொண்டுவரும் குழாய்க்கு வேண்டிய டர்பைன்களையும் அழுத்த இயந்திரங்களையும் ஐரோப்பிய நிறுவனங்கள் விற்க ஒப்பந்தம் செய்திருந்தன. 1981 டிசம்பரில் சோவியத் அணியில் இருந்த போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததும், அதிபர் ரீகன் அமெரிக்க நிறுவனங்கள் இந்தத் திட்டத்துக்கு எதையும் விற்கக் கூடாது என்றார். அதோடு விட்டிருந்தால் சச்சரவு இல்லை. 1982 ஜூனில் அந்தத் தடையை வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் துணை நிறுவனங்களுக்கும், அமெரிக்க உரிமத்தில் பொருள் செய்யும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கும் நீட்டினார். ஸ்காட்லாந்தில் ஜான் பிரவுன், ஜெர்மனியில் ஏ.இ.ஜி. கானிஸ், இத்தாலியில் நுவோவோ பிஞோனே எல்லாம் மாட்டிக்கொண்டன.

சோவியத்துக்கு எதிராக ரீகனோடு தோள் சேர்ந்து நின்ற பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரே, அமெரிக்க ஆணைக்குக் கீழ்ப்படியக் கூடாது என்று பிரிட்டிஷ் நிறுவனங்களுக்கு 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி உத்தரவிட்டார். பிரான்சில் அமெரிக்க நிறுவனமான டிரெஸரின் துணை நிறுவனத்தை, சரக்கைக் கப்பலில் ஏற்றியே ஆக வேண்டும் என்று பிரெஞ்சு அரசு கட்டாயப்படுத்தியது. ஏற்றினால் வாஷிங்டன் தண்டிக்கும், ஏற்றாவிட்டால் பாரிஸ் தண்டிக்கும். ஐரோப்பியர் கேட்ட கேள்விதான் கூர்மையானது: "சோவியத்துக்குக் கோதுமை விற்பதற்கு இருந்த தடையை 1981இல் நீங்களே எடுத்தீர்கள். உங்கள் விவசாயி விற்கலாம், எங்கள் தொழிலாளி விற்கக் கூடாதா?" இதற்கு வாஷிங்டனிடம் நேரான பதில் இல்லை.

அந்த ஜூலையில் வெளியுறவு அமைச்சரான ஜார்ஜ் ஷுல்ட்ஸ் பேசிப் பேசி ஒரு வழி கண்டார். நவம்பர் 13 அன்று ரீகன் தடையை விலக்கினார். பதிலுக்கு, கிழக்கு அணியோடு வியாபாரம், கடன், எரிபொருள் பற்றி எல்லாரும் சேர்ந்து ஆராய்வது, கோகாம் பட்டியலை வலுப்படுத்துவது என்று இசைவு ஏற்பட்டதாக அறிவித்தார். அறிவித்த அன்றே பிரான்ஸ், அந்த இசைவில் தனக்குப் பங்கில்லை என்றது! இருவருக்கும் முகம் காக்கும் சொற்றொடர் கிடைப்பதுதான் இந்த வகைப் பேச்சில் பாதி வெற்றி. குழாயும் வந்துசேர்ந்தது.

மீறுபவர் கதைக்கு ஒரே உதாரணம் போதும். ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனம், கப்பல் உந்துவிசிறிகளைத் துல்லியமாகச் செதுக்கும் ஒன்பது அச்சுகளில் அசைந்து இயங்கும் இயந்திரங்களை, சாதாரண இயந்திரம் என்று உரிமத்தில் எழுதி 1980களின் தொடக்கத்தில் லெனின்கிராட் கப்பல் தளத்துக்கு விற்றது. அவற்றை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளை நார்வேயின் காங்ஸ்பெர்க் கொடுத்தது. சோவியத் நீர்மூழ்கிகளின் சத்தம் குறைய இது உதவியது என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு. 1987இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் தங்கள் மன்றத்துப் புல்வெளியில் ஒரு தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவர்கள் பதவி விலகினார்கள். ஆவணம் தயாரிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உறைப்பது ஒன்றே: அத்தனையும் உரிம விண்ணப்பத்தில் சரக்கின் விவரம் என்ற ஒரு கட்டத்தில் எழுதிய பொய்யில் தொடங்கியது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இந்தியா நெடுங்காலம் மறுக்கப்படும் பக்கத்தில் இருந்த நாடு. 1974 மே 18 அன்று பொக்ரானில் நாம் வெடித்த அணுகுண்டுக்கான புளூட்டோனியம், கனடா கொடுத்த உலையிலிருந்து வந்தது. அதில் இருந்த கனநீர் அமெரிக்கா கொடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு லண்டனில் ஏழு நாடுகள் கூடி அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவைத் தொடங்கின. அந்த ஏழில் சோவியத் யூனியனும் இருந்தது. எங்கும் சண்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு வல்லரசுகள் இதில் மட்டும் ஒரே பக்கம். தகராறெல்லாம் அமெரிக்காவுக்கும் அதன் நண்பர்களுக்கும் இடையில். பிரேசிலுக்கு முழு அணு எரிபொருள் சுழற்சியை விற்க மேற்கு ஜெர்மனியும், பாகிஸ்தானுக்கு, பயன்படுத்திய அணு எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஆலை விற்கப் பிரான்சும் ஒப்பந்தம் போட்டிருந்தன. பிரான்ஸ் பின்வாங்கியது, ஜெர்மனி விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் நம்மவர்களுக்கு உறைக்கும் உதாரணம், மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் ஓடும் ராக்கெட் இயந்திரமான கிரையோஜெனிக் இயந்திரம். 1991 ஜனவரியில் சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மோஸோடு இஸ்ரோ செய்த ஒப்பந்தப்படி, இயந்திரங்களோடு அவற்றைச் செய்யும் தொழில்நுட்பமும் வர வேண்டும். பல நாடுகள் சேர்ந்து வைத்திருந்த ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டை இது மீறுகிறது என்று 1992 மே மாதம் அமெரிக்கா இரண்டு நிறுவனங்கள் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளை நிரப்பவே பல மணி நேரம் பிடிக்கும், போரில் அவசரமாக ஏவும் ஏவுகணைக்கு இது ஒத்துவராது என்று நம் விஞ்ஞானிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயத்தை வைத்து அந்த விஷயம் முடிவாகவில்லை. அமெரிக்கா பேசியது நம்மோடு அல்ல, மாஸ்கோவோடு. சோவியத் சிதறிப்போய், ரஷ்யா பணத்துக்குத் திண்டாடிய நேரம் அது. 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தராமல் இயந்திரங்களை மட்டும் தருவதாக ஒப்பந்தத்தைத் திருத்தியது. கடைசியில் வந்தவை 7. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரும் ரஷ்யப் பிரதமர் செர்னோமிர்தினும் விண்வெளி ஒத்துழைப்பில் கையெழுத்திட்டார்கள். செயற்கைக்கோள் ஏவும் வணிகச் சந்தையில் ரஷ்யாவுக்கு இடம் கிடைத்தது. மீர் விண்நிலையத்தில் இணைந்து பணியாற்ற 40 கோடி டாலர் கிடைத்தது. கோவாவுக்குத் துறைமுக வியாபாரம் கிடைத்த அதே கணக்கு. தன் கிரையோஜெனிக் இயந்திரத்தை மகேந்திரகிரியில் சோதித்துச் சோதித்து, 2010இல் ஒரு தோல்வியையும் தாண்டி, 2014 ஜனவரி 5 அன்றுதான் இஸ்ரோ வெற்றிகரமாகப் பறக்கவிட்டது. தடை நம்மை ஏறக்குறைய இருபது ஆண்டு தாமதப்படுத்தியது, தடுத்துவிடவில்லை.

2008 செப்டம்பர் 6 அன்று வியன்னாவில், 45 நாடுகள் கொண்ட அணுப்பொருள் வழங்கும் குழு, இந்தியாவுக்கு அணுப்பொருள் விற்க விதிவிலக்குக் கொடுத்தது. அமெரிக்காவே நமக்காக வாதாடியும், கடைசி வரை மறுத்துப் பார்த்தவை ஆஸ்திரியா, அயர்லாந்து, நியூசிலாந்து போன்ற சிறிய நாடுகள். ஒருமித்த இசைவு என்ற விதி சிறியவருக்கும் ஒரு பூட்டைக் கையில் கொடுக்கிறது. 2016இல் அந்தக் குழுவில் நாம் உறுப்பினராக முயன்றபோது சீனா பயன்படுத்தியதும் அதே பூட்டைத்தான். ஆனாலும் 2016 ஜூனில் ஏவுகணைக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டிலும், 2017 டிசம்பரில் வாசனார் ஏற்பாட்டிலும், 2018 ஜனவரியில் ஆஸ்திரேலியக் குழுவிலும் இந்தியா உறுப்பினராயிற்று. வாசனார் என்பது, 1994 மார்ச்சில் கலைக்கப்பட்ட கோகாமின் இடத்தில் வந்தது. அதில் ரஷ்யாவும் உறுப்பினர். உக்ரைன் போருக்குப் பின் எந்தப் புதிய பொருளைச் சேர்க்க நினைத்தாலும் ரஷ்யாவின் தலையசைப்பும் வேண்டும் என்பதால், அமெரிக்காவும் அதன் நண்பர்களும் இப்போது பெரும்பாலும் அந்த மேசைக்கு வெளியே சிறு சிறு கூட்டமாகப் பேசிக்கொள்கிறார்கள்.

நீங்கள் கேட்ட சிப் இயந்திரங்கள் அப்படிப்பட்ட கூட்டத்தில் முடிவானவை. 2022 அக்டோபர் 7 அன்று, மேம்பட்ட சிப்களையும் அவற்றைச் செய்யும் கருவிகளையும் சீனாவுக்கு விற்க அமெரிக்கா கடுமையான தடை விதித்தது. அமெரிக்கா மட்டும் தடுத்தால் போதாது. மிக நுண்ணிய சிப்புக்கு வேண்டிய ஒளி அச்சு இயந்திரத்தை உலகத்தில் ஒரே ஒரு நிறுவனம், நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல்., செய்கிறது; மற்ற கருவிகளில் ஜப்பானிய நிறுவனங்கள் வலுவானவை. 2023 ஜனவரி இறுதியில் மூன்று நாடுகளும் வாஷிங்டனில் ஓர் இசைவுக்கு வந்தன. கூட்டறிக்கை இல்லை. மார்ச்சில் நெதர்லாந்து அமைச்சர் தம் நாடாளுமன்றத்துக்கு எழுதிய கடிதத்தில் சீனா என்ற பெயரே இல்லை. ஜப்பான் 23 வகைக் கருவிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று ஜூலை 23 முதலும், நெதர்லாந்து செப்டம்பர் 1 முதலும் நடைமுறைப்படுத்தின. இரண்டும் எல்லா நாட்டுக்கும் பொதுவான விதி போலவே எழுதப்பட்டவை. 1982இல் படித்த பாடம் இங்கே தெரிகிறது: உன் சட்டத்தை என் மேல் திணிக்காதே, நானே என் சட்டமாக எழுதிக்கொள்கிறேன் என்பது. அந்த இயந்திரத்துக்குள் அமெரிக்கப் பாகங்களும் இருப்பதால், தேவைப்பட்டால் அமெரிக்கா தன் சட்டத்தையே பயன்படுத்தலாம் என்பதும் எல்லாருக்கும் தெரியும். தடி மேசைக்கு அடியில் இருந்தது, வெளியே எடுக்கவில்லை.

பேச்சு எதிரியோடு நடப்பதில்லை என்று தொடக்கத்தில் "பெரும்பாலும்" என்ற சொல்லோடுதான் எழுதினேன். ஒரே நாட்டின் கையில் முழுச் சரக்கும் இருந்துவிட்டால் கணக்கு மாறும். நெதர்லாந்து தன் விதியை வெளியிட்ட மூன்றாம் நாள், 2023 ஜூலை 3 அன்று, காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமம் வேண்டும் என்று சீனா அறிவித்தது. 2025 ஏப்ரல் 4 அன்று ஏழு அரிய மண் தனிமங்களும் அவற்றால் ஆன காந்தங்களும் பட்டியலில் வந்தன. சீனாவுக்கு எதிர்க்கடை என்று சொல்லும்படி யாரும் இல்லை. ஆகவே அமெரிக்கா எதிரியோடே உட்கார வேண்டியதாயிற்று. அக்டோபர் 9இல் சீனா இன்னும் விரிவாக அறிவித்த தடை, அக்டோபர் 30 அன்று தென்கொரியாவின் பூசானில் டிரம்ப்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்த பின் ஓராண்டுக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

அந்த 2025இன் நடுவில் நம் நாட்டு மின் இருசக்கர வண்டித் தொழிலுக்குக் காந்தம் கிடைக்காமல் தவிப்பு ஏற்பட்டது. ஓசூர்ப் பக்கம் உதிரிபாகம் செய்து கொடுக்கும் எனக்குத் தெரிந்த ஒருவர், சீனத் தரப்பு நிரப்பித் தரச் சொன்ன படிவம் ஒன்றை எப்படி எழுதுவது என்று கேட்டு என்னிடம் கொண்டுவந்தார். எந்த வண்டியில், எந்த மோட்டாரில், எத்தனை கிராம், ராணுவத்துக்குப் போகாது, வேறு நாட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பயன் என்ற இடத்தில் அவர் பென்சிலால் "ஸ்கூட்டர் ஓட" என்று எழுதி வைத்திருந்தார். அதை அழித்துவிட்டு, பழைய சல்பைடு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கினோம்.